பழைய காருக்கு அவசரப் பை: நெல்லைச் சுத்துவட்டாரத்துல ஓட்ட என்னென்ன வைக்கணும்?

பாளை_கார்புரேட்டர்
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. டிக்கியில ஒரு ஜாக்கி, வாய் தேஞ்ச வீல் ஸ்பேனர், ஒரு ஸ்டெப்னி கிடக்கு. வேற ஒண்ணும் இல்ல. ஓட்டம் பெரும்பாலும் திருச்செந்தூர் ரோடு, மாசம் ரெண்டு தடவை தென்காசி, சாரல் சீசன்ல குற்றாலம். கடையில ஒரு பையா விக்கிறாங்க: டியூப்லெஸ் பஞ்சர் கிட், ஜம்பர் கேபிள், டார்ச், சின்ன சுத்தியல், ரோட்டுல வைக்கிற எச்சரிக்கை முக்கோணம். அதை வாங்கிட்டா போதுமா?

பட்டறை_அண்ணாச்சி
தம்பி, அந்தப் பையை இப்ப வாங்காதீங்க. அது புது வண்டிக்காரங்களை நினைச்சுத் தயார் பண்ணது. உங்க வண்டி எதுல படுக்கும்னு முதல்ல பாக்கணும். அதுக்கு ஏத்த சாமான்தான் டிக்கியில இருக்கணும்.

முதல் சந்தேகம் டயர். பழைய 800-ல பாதிக்கு மேல டியூப் போட்டுத்தான் ஓடுது. டியூப் டயர்ல அந்த ரப்பர் குச்சி பஞ்சர் கிட் வேலைக்கே ஆகாது. குச்சி டயர் ஓட்டையை அடைக்கும், உள்ள டியூப் கிழிஞ்சது கிழிஞ்சதுதான். ஊசியால குத்தும்போது டியூப்ல இன்னொரு ஓட்டையும் விழும். ஸ்ப்ரே சீலண்டை நம்பியும் டியூப்ல இறங்க வேண்டாம். டியூப் இருக்கா இல்லையான்னு வால்வைப் பாத்தே சொல்லிரலாம். டியூப்லெஸ் வால்வு ரிம் ஓட்டையில தடிச்ச ரப்பரோட இறுக்கிக் கடிச்சு நிக்கும். டியூப் வால்வைக் கையால அசைச்சா ஓட்டைக்குள்ள ஆடும், லேசா உள்ள தள்ளவும் முடியும். டயர் பக்கவாட்டுல டியூப்லெஸ்னு எழுதியிருக்கேன்னு ஏமாந்துராதீங்க. ரிம் துருப்பிடிச்சு காத்து நிக்கலன்னு டியூப்லெஸ் டயருக்குள்ளயும் டியூப் போட்டிருப்பாங்க.

டியூப் வண்டின்னா ஸ்டெப்னிதான் உங்க உயிர். நம்ம பக்கம் உடைமுள் ஜாஸ்தி. குளத்துக்கரை, ஓடைக்கரைன்னு எங்க ஒதுக்கி நிறுத்தினாலும் சீமைக்கருவேல முள் டயர்ல ஏறிரும். முள் உள்ளயே ஒடிஞ்சு நிக்கும், காத்து பைய பைய இறங்கும். ஸ்டெப்னியில மத்த டயரைவிட 3 முதல் 5 பி.எஸ்.ஐ கூட வச்சுக்கிடுங்க. சும்மா கிடந்தாலும் இறங்கும். டயர் பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணைப் பாருங்க: 2314ன்னா 2014-ம் வருசம் 23-வது வாரத்துல செஞ்சது. பத்து வருசம் தாண்டின ஸ்டெப்னி, பட்டன் தேயாம புதுசு மாதிரி இருந்தாலும் சவத்தைத் தூரப் போடுங்க. ரப்பர் உள்ளுக்குள்ள இறுகிப்போயிருக்கும், நாலுவழிச் சாலையில வேகம் எடுத்தா பட்டை உரிஞ்சு வந்துரும்.

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல, சமதளத்துல, ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்க. வேற எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செய்யச் சொல்லுதேன். ஜாக்கி தூக்குதா, நட்டு அசையுதா, ஸ்டெப்னி ரிம் போல்ட்ல சரியா உக்காருதா, எல்லாம் அப்பதான் தெரியும்.

செய்யும்போது வரிசை இது:
ஹேண்ட் பிரேக், முதல் கியர். தூக்கப்போற சக்கரத்துக்கு மூலைவிட்டமா எதிர்ல இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. வண்டி தரையில இருக்கும்போதே நட்டைக் கால் சுத்து தளர்த்தணும். தூக்கின பிறகு தளர்த்தினா சக்கரம் சுத்தும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். அப்புறம் ஜாக்கி. கழற்றின சக்கரத்தை வண்டிக்கு அடியில தட்டையா படுக்க வைங்க. ஜாக்கி விழுந்தாலும் வண்டி அதுமேல உக்காரும், ஆள் தப்பிச்சிரலாம். நட்டை மாட்டும்போது கூம்பு முகம் ரிம் பக்கம் இருக்கணும். திருப்பி மாட்டினா இறுகின மாதிரி இருக்கும், பத்து கிலோமீட்டர்ல லூசாயிரும். எதிரெதிர் நட்டா இறுக்கணும். 50 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்க.

மாருதிக்கு நட்டு 19 எம்.எம். வண்டியோட வந்த எல் வடிவ ஸ்பேனரை விட்டுட்டு பிளஸ் ஸ்பேனர் ஒண்ணு வாங்குங்க. ரெண்டு கையாலயும் திருப்பலாம், நட்டு முனை மழுங்காது. எந்த பஞ்சர் கடையிலயாவது காத்துத் துப்பாக்கியால நட்டை இறுக்கினா, வீட்டுக்கு வந்ததும் தளர்த்திக் கையால திரும்ப இறுக்குங்க. ரோட்டுல கையால திறக்க முடியணும்.

தேரி_சவாரி
அண்ணாச்சி சொன்ன ஜாக்கி விஷயத்துல ஒண்ணு சேக்கணும். பழைய வண்டியில ஜாக்கி வைக்கிற இடமே துருப்பிடிச்சு மக்கிப்போயிருக்கும். கதவுக்குக் கீழ ஓடுற அந்த மடிப்புத் தகட்டைக் கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க. பொருபொருன்னு உதிர்ந்தா ஜாக்கி தகட்டைத் துளைச்சுக்கிட்டு மேல போகும், வண்டி எழும்பாது. அப்படிப்பட்ட வண்டிக்குக் கத்தரி ஜாக்கி வேணாம். ரெண்டு டன் பாட்டில் ஜாக்கி வச்சு, முன்னாடி கீழ்க்கையோட (சஸ்பென்ஷன் லோயர் ஆர்ம்) உள்முனை பாடியில சேர்ற தடிச்ச இடத்துலயும், பின்னாடி ஆக்ஸில்லயும் தூக்குங்க. வாங்கும்போது பாட்டில் ஜாக்கியோட இறங்கின உயரத்தை அளந்து பாருங்க. காத்து இறங்கின 12 இஞ்ச் சக்கர வண்டிக்கு அடியில நுழையாத ஜாக்கியால பிரயோசனம் இல்ல. அதைப் படுக்க வச்சே கொண்டு போனா ஆயில் கசியும், நிமித்திக் கட்டி வைங்க.

அடுத்து மணல். சாத்தான்குளம், திசையன்விளை, உவரி பக்கம் ரோட்டை விட்டு ரெண்டடி இறங்கினா தேரி மண், அதாவது பொலபொலன்னு செம்மணல். ஜாக்கி அடி புதைஞ்சு சாயும். ஓரடிக்கு ஓரடி, முக்கால் இஞ்ச் பிளைவுட் ரெண்டு துண்டு வச்சுக்கோங்க. ஒண்ணு ஜாக்கிக்கு அடியில. சக்கரம் புதைஞ்சா ரெண்டும் சக்கரத்துக்கு முன்னாடி. புதைஞ்ச சக்கரத்துல ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். காத்தை 15 பி.எஸ்.ஐ வரைக்கும் இறக்கி, ரெண்டாவது கியர்ல மெதுவா எடுங்க. அதுக்குத்தான் காத்து மானியும் மிதி பம்பும். ரோடு ஏறினதும் காத்தை மறுபடி அடிக்காம வேகம் போகக்கூடாது.

வள்ளியூர்_நாலுவழி
சாமானைப் பத்திப் பேசும்போது நிக்கிற இடத்தை மறந்துறாதீங்க. கயத்தாறுல இருந்து காவல்கிணறு வரைக்கும் நாலுவழிச் சாலையில வண்டி படுத்தா, ஆளை அடிக்கிறது பின்னால வர்ற வண்டிதான்.

முக்கோணம் ஒண்ணு போதாது, ரெண்டு வேணும். 50 மீட்டர் பின்னாடி வைக்கணும்னு பலர் சொல்லுவாங்க. நாலுவழியில அது போதாது. 100 கிலோமீட்டர் வேகத்துல ஒரு வண்டி விநாடிக்கு 28 மீட்டர் ஓடும். 50 மீட்டர்னா ரெண்டு விநாடி கூட இல்ல. டிரைவர் பாத்து, புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே பாதி போயிரும். முதல் முக்கோணம் 100 மீட்டருக்குக் குறையாம, அதாவது ஆள் நடையில 130 எட்டு. ரெண்டாவது அதுக்கும் வண்டிக்கும் நடுவுல. ரெண்டு பக்கமும் போக்குவரத்து உள்ள தென்காசி ரோடு, திருச்செந்தூர் ரோடுன்னா பின்னாடி ஒண்ணு, முன்னாடி ஒண்ணு. வளைவுக்கு அந்தப் பக்கம் நின்னா முக்கோணம் வளைவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால இருக்கணும்.

இறங்கினதும் முதல்ல ஒளிரும் ஜாக்கெட். அது டிக்கியில இருந்தா பயன் இல்ல, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி சொருகி வைங்க. எல்லாரும் இடது கதவு வழியா இறங்கி தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போயிரணும். வண்டிக்குள்ள யாரும் உக்காந்திருக்க வேண்டாம், குழந்தை தூங்கினாலும் தூக்கிட்டுப் போங்க. டிரைவர் பக்கத்து பின் சக்கரம் பஞ்சராகி, வண்டி வெள்ளைக்கோட்டை ஒட்டி நின்னா அங்க சக்கரம் மாத்தவே மாத்தாதீங்க. 20 கிலோமீட்டர் வேகத்துல உருட்டிக்கிட்டு அடுத்த சர்வீஸ் ரோட்டுக்குப் போங்க. டியூப்பும் டயரும் போகும், போகட்டும்.

ஆடிக்காத்து காலத்துல பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழி போறவங்க கவனிங்க. கடையில கிடைக்கிற லேசான முக்கோணம் அந்தக் காத்துல நிக்காது. மணல் நிரப்பின ரெண்டு துணிப்பை, ஒண்ணு ஒரு கிலோ, முக்கோணத்துக் காலுல போடுங்க. அந்தக் காத்துல பானட்டைத் திறக்கும்போதும் ஒரு கை பிடிச்சே இருக்கணும். பழைய வண்டியில தாங்கு கம்பி ஓட்டை தேஞ்சிருக்கும், கம்பி நழுவிப் பானட் தலையில விழும்.

பாளை_கார்புரேட்டர்
முக்கோணம் இல்லாட்டி வேப்பங்கொப்பை ஒடிச்சுப் போடுறது, கல்லு வைக்கிறதுன்னு லாரிக்காரங்க செய்றாங்களே, அது?

வள்ளியூர்_நாலுவழி
பகல்ல கொப்பு பரவாயில்ல, இலைக்கொப்பு கிடந்தா முன்னால வண்டி நிக்குதுன்னு நம்ம ஊர் டிரைவர்களுக்குத் தெரியும். ராத்திரி அது ஒளிராது. கல்லு வேண்டவே வேண்டாம். வண்டியை எடுத்துட்டுப் போறப்ப கல்லை அப்படியே விட்டுட்டுப் போயிருவாங்க, அடுத்து வர்ற பைக்காரன் உயிர் போயிரும். சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டை கொண்டு போங்க. அதுலயே ஒரு சணல் கட்டி வச்சா எடுக்க மறக்காது.

பட்டறை_அண்ணாச்சி
அடுத்து சூடு. சித்திரை வைகாசியில பழைய வண்டியை நிறுத்துறது பெரும்பாலும் சூடுதான்.

பச்சைத் தண்ணி 5 லிட்டர் கேன் ஒண்ணு எப்பவும் இருக்கணும். குடிக்கிற தண்ணி தனி. ரேடியேட்டர் மூடி உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும், 0.9 பார் அழுத்தத்துல தண்ணி 118 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்கும். மூடியைத் திறந்த விநாடி மொத்தமும் ஆவியா முகத்துல அடிக்கும். அதனால இஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்துட்டு, முக்கால் மணி நேரம் காத்திருங்க. மேல் ஹோஸைக் கையால அமுக்க முடியணும், அப்பதான் மூடியைத் தடிச்ச துணி போட்டுப் பைய திருகலாம். சூட்டோட சூடா குளிர்ந்த தண்ணி ஊத்தினா சிலிண்டர் ஹெட் வளையும், வெடிப்பு விடும்.

காரணம் கண்டுபிடிக்கிறதுதான் முக்கியம். பேட்டரி சிவப்பு விளக்கும் எரிஞ்சு சூடும் ஏறினா பெல்ட் அறுந்துபோச்சு, ஏன்னா டைனமோவையும் தண்ணி பம்பையும் ஒரே பெல்ட் சுத்துது. அதுக்கப்புறம் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க. ஸ்பேர் பெல்ட் ஒண்ணும், 12, 14 ஸ்பேனரும் இருந்தா இருபது நிமிசத்துல மாட்டிரலாம். மாட்டினதும் நடுவுல கட்டைவிரலால அமுக்கினா ஒரு செண்டிமீட்டர் அளவுக்கு இறங்கணும். அதைவிட இறுக்கினா பம்பு பேரிங் போகும். இந்தச் சேலைத்துணி, காலுறை கட்டுற வித்தையெல்லாம் வேண்டாம், நழுவும், பிஞ்சு போய்ப் புல்லியில சிக்கும்.

பெல்ட் நல்லா இருந்து, ஓடும்போது சூடு குறைஞ்சு, டவுனுக்குள்ள நிக்கும்போது ஏறினா ஃபேன் சுத்தல. சூடு ஏறினா ஃபேனை ஓட விடுற சுவிட்சுல இருந்து வயரை மட்டும் கழற்றி, வயரோட ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயரால சேத்துப் பாருங்க. ஃபேன் ஓடினா சுவிட்ச்தான் போச்சு, அப்படியே ஊர் வந்து சேரலாம். ஓடலன்னா ஃபியூஸ், அதுக்கப்புறம் மோட்டார். மோட்டாரை நேரடியா பேட்டரியில கொடுக்கணும்னா 2.5 சதுர எம்.எம். வயர் ரெண்டு மீட்டர், நடுவுல 20 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் இல்லாம வயரை இழுக்காதீங்க.

ஹோஸ் கிழிஞ்சிருந்தா, முனைக்குப் பக்கத்துல கிழிஞ்சதா பாருங்க. அப்படின்னா அந்தத் துண்டை வெட்டிட்டு மிச்சத்தை இழுத்து கிளிப் போடலாம். நடுவுல கிழிஞ்சா துடைச்சுக் காயவச்சு, தன்னோட தானே ஒட்டுற சிலிக்கான் டேப்பை இழுத்து இழுத்து நாலு சுத்து, மூடியைப் பாதி திருகு லூசா விட்டு, அழுத்தம் ஏறாம ஓட்டணும். கிளிப் நாலு அளவுல வச்சுக்கோங்க. விலை குறைவு, ஆனா ரோட்டுல கிடைக்காது.

மத்தியான வெயில்ல ஓடிக்கிட்டே இருந்த கார்புரேட்டர் வண்டி தானா அணைஞ்சு, சூட்டுமானி சரியா இருந்தா அது வேப்பர் லாக். பெட்ரோல் பம்புக்குள்ள பெட்ரோல் ஆவியாயிருது. ஈரத்துணியைப் பம்பு மேல சுத்தி, பதினஞ்சு நிமிசம் நிழல்ல விடுங்க. ஸ்டார்ட் ஆயிரும்.

பெட்ரோல் ஹோஸைப் பத்தித் தனியா சொல்லணும். இப்ப பெட்ரோல் பங்க்ல வர்றது 20 சதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதுக்குத் தாங்காது, ஊறிப் பொதபொதன்னு ஆகும், இல்ல வெடிப்பு விடும். இருக்கிற ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரகத்துக்கு மாத்திட்டு, அதே அளவுல ஒரு அடி துண்டும் ரெண்டு கிளிப்பும் பையில போடுங்க. டேங்கில் லேசா கசிஞ்சா துணி துவைக்கிற சோப்புக்கட்டியைப் பிசைஞ்சு அழுத்தித் தேச்சா பட்டறை வரைக்கும் தாங்கும்.

பேட்டை_டீசல்
டீசல் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. பழைய இண்டிகா, டீசல் அம்பாசிடர் எல்லாம் டீசல் தீர்ந்து நின்னா, டீசல் ஊத்தினாலும் உடனே ஓடாது, லைன்ல காத்து ஏறியிருக்கும். ஃபில்டர் மேல இருக்கிற காத்து ஸ்க்ரூவை ஒன்றரைச் சுத்து தளர்த்தி, கைப்பம்பை அடிங்க. நுரை போய் டீசல் மட்டும் வந்ததும் பம்பை அடிச்சுக்கிட்டே ஸ்க்ரூவை இறுக்குங்க. அந்த ஸ்க்ரூவுக்கு என்ன ஸ்பேனர்னு வீட்டுலயே பாத்து வச்சுக்கோங்க.

ஸ்ரீபுரம்_ஆட்டோ_எலக்ட்ரிக்
கரண்டு பக்கம் நான் சொல்றேன்.

ஜம்பர் கேபிள்: கடைப்பையில வர்றது பெரும்பாலும் தடிச்ச பிளாஸ்டிக்குக்குள்ள மெல்லிசு அலுமினியம். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது கேபிள்தான் சூடாகும், இஞ்சின் சுத்தாது. 16 சதுர எம்.எம். செம்பு, மூணு மீட்டர், கடையில சொல்லிச் செய்யுங்க. மாட்டும் வரிசை: சிவப்பு உங்க பேட்டரி பிளஸ்ல, மறுமுனை உதவி வண்டி பிளஸ்ல. கறுப்பு உதவி வண்டி மைனஸ்ல, கடைசி முனை உங்க இஞ்சின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல. உங்க பேட்டரி மைனஸ்ல மாட்டாதீங்க. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், கடைசி முனை மாட்டும்போது பொறி பறக்கும், பேட்டரி வெடிக்கும். கழற்றுறது அப்படியே தலைகீழ்.

கார்புரேட்டர் வண்டிக்கு ஆள் தள்ளினாலே போதும்: சாவி ஆன், ரெண்டாவது கியர், கிளட்சை மிதிச்சு, நடையைவிடக் கொஞ்சம் வேகம் வந்ததும் கிளட்சை சட்டுனு விடணும்.

ஆனா பழைய வண்டியில பேட்டரி செத்ததுன்னு நினைக்கிறதுல நிறைய உண்மையில எர்த் பட்டை. பேட்டரி மைனஸ்லிருந்து பாடிக்கும் கியர் பாக்ஸுக்கும் போற பட்டை பச்சை பூத்துப்போயிருக்கும். கறுப்பு ஜம்பர் கேபிளை உங்க பேட்டரி மைனஸ்லிருந்து நேரா இஞ்சினுக்குக் கொடுத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்க. ஸ்டார்ட்டர் நல்லா சுத்தினா பேட்டரியில குறையே இல்ல. 10 ஸ்பேனர், உப்புத்தாள் ஒரு துண்டு, அவ்வளவுதான் தேவை.

ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்குங்க. வண்டி நிக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8-லிருந்து 14.4. ஓடும்போது 12-லயே நின்னா சார்ஜ் ஏறல. ராத்திரி முகவிளக்கோட ஊர் திரும்ப முடியாது, முதல்லயே முடிவெடுக்கலாம்.

ஃபியூஸ்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை, எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு. பத்மினின்னா அந்தப் பீங்கான் ஃபியூஸ், தேடி வாங்கணும். ஃபியூஸ் இடத்துல சிகரெட் தாளோ செம்புக் கம்பியோ சுத்தினா வயர் எரியும், வயரோட வண்டியும் எரியும். பல்ப்: முகவிளக்கு எச்4 ஒண்ணு, பிரேக்குக்கு 21/5 வாட், இண்டிகேட்டருக்கு 21 வாட். கண்ணாடியைக் கையால தொடாதீங்க, எண்ணெய் பட்ட இடத்துல சூடேறி எச்4 பொட்டுனு போயிரும்.

பாயிண்ட் செட் (பிளக்குக்குப் பொறி வர வைக்கிற தொடர்பு முனை) உள்ள பழைய வண்டிகளுக்கு ஒரு பாயிண்ட், ஒரு கண்டென்சர், இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜ். கண்டென்சர் முன்னறிவிப்பே இல்லாம போகும்.

தேரி_சவாரி
ஜம்பர் கேபிளுக்குப் பதிலா லித்தியம் பவர் பேக் இருக்கே, அதை வச்சுக்கிட்டா யாரையும் எதிர்பாக்க வேண்டாமே?

ஸ்ரீபுரம்_ஆட்டோ_எலக்ட்ரிக்
நல்ல சாமான்தான், ஆனா வெயில்ல நிறுத்துற வண்டிக்குள்ள விட்டுட்டுப் போகக்கூடாது. நம்ம ஊர் மத்தியானத்துல பூட்டின காருக்குள்ள 60 டிகிரி தாண்டும். லித்தியம் அதுக்குத் தாங்காது. இறங்கும்போது கையோட எடுத்துட்டுப் போற பழக்கம் இருந்தா வாங்குங்க. சானிடைசர், லைட்டர், ஸ்ப்ரே டின் எதுவும் உள்ள வேண்டாம். டார்ச்ல செல்லைப் போட்டே வச்சா சூட்டுல கசிஞ்சு டார்ச்சே வீணாகும். செல்லைத் தனியா வைங்க. டார்ச்சும் நெத்தியில மாட்டுறதா வாங்கினா ரெண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

வள்ளியூர்_நாலுவழி
தீயணைப்பான் யாரும் சொல்லலையே. ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள 1 கிலோ ஏ.பி.சி பவுடர், முள் பச்சையில நிக்கணும். கைக்கு அடக்கமா இருக்கேன்னு அரைக்கிலோ ஸ்ப்ரே டின் வேண்டாம். டிக்கியில வைக்காதீங்க, முன் சீட்டுக்குக் கீழ பட்டை போட்டு மாட்டுங்க. வண்டி அதிர்வுல உள்ள பவுடர் அடியில கெட்டிப்படும். மாசம் ஒரு தடவை தலைகீழாப் பிடிச்சுக் குலுக்குங்க.

பானட்ல புகை வந்தா சாவியை அணைச்சு, எல்லாரையும் இறக்கிட்டு, பானட்டை முழுசாத் தூக்காதீங்க. காத்து புகுந்தா குப்புனு பிடிக்கும். கொக்கியை விடுவிச்ச இடுக்கு வழியாவே அடிங்க. 1 கிலோ சிலிண்டர் பத்து விநாடி அளவுக்குத்தான் வரும், அதுக்குள்ள அணையலன்னா விலகிருங்க.

செங்கோட்டை_மலைச்சாலை
புளியரை ஏத்தம், மணிமுத்தாறு மேல, காரையாறு வழி போறவங்களுக்கு. டாட் 3 பிரேக் ஆயில் 250 மில்லி, சீல் உடைக்காத டப்பா. திறந்துட்டா காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், இறக்கத்துல சூடானதும் அந்த ஈரம் ஆவியாகி பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். குறையுதேன்னு இஞ்சின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ ஊத்தினா பிரேக் ரப்பர் எல்லாம் ஊறிப்போகும். ஆயில் குறையுறதே கசிவுக்கு அடையாளம். சக்கரங்களுக்கு உள்பக்கம் ஈரமா இருக்கான்னு பாருங்க, இருந்தா வண்டியை நகர்த்தாதீங்க.

கயிறு கட்டி இழுக்கிறது சமதளத்துக்கு மட்டும். நாலு மீட்டர் பட்டை, ரெண்டு ஷேக்கிள் (பட்டையை மாட்டுற இரும்பு வளையம்), கொக்கியில மட்டும் மாட்டணும், பம்பர்ல இல்ல. இஞ்சின் அணைஞ்சிருந்தா பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில ரெண்டு மூணு மிதிக்கு மேல பிரேக் கல்லாயிரும். சாவியை ஆன்ல வைங்க, ஸ்டீயரிங் பூட்டிக்கக் கூடாது. மலை இறக்கத்துல கயிறு வேண்டாம், தூக்குவண்டியைக் கூப்பிடுங்க. மேல போகப் போக போன் சிக்னல் இருக்காது. நம்பர்களைக் காகிதத்துல எழுதி வைங்க: 112, ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

சாரல்ல வைப்பர் ரப்பர் ஒரு ஜோடி. வெயில்ல காஞ்ச ரப்பர் முதல் மழையிலேயே கிழியும், கம்பி கண்ணாடியைக் கீறும்.

திருவைகுண்டம்_கரை
மழைன்னா இங்க சாரல் மட்டும் இல்ல. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர் பெஞ்சது, திருச்செந்தூர் ரயிலே ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சு. ஐப்பசி கார்த்திகையில ஓடையும் தரைப்பாலமும் ஒரு மணி நேரத்துல நிறையும். 800-ஓட எடை 650 கிலோ சொச்சம். ஓடுற தண்ணி ஓரடி இருந்தாலே வண்டியை மிதக்க விட்டுத் தள்ளிரும். பாதிச் சக்கரம் முங்குற தண்ணியில இறங்காதீங்க, எதிர்ல பஸ் வந்தாலும்.

தண்ணியில அணைஞ்சா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றிட்டு இஞ்சினைச் சுத்தித் தண்ணியை வெளியேத்தணும். அதுக்கு 21 பிளக் ஸ்பேனர். கண்ணாடி உடைக்கிற சுத்தியல், பெல்ட் அறுக்கிற கத்தி ரெண்டும் கை எட்டுற இடத்துல. முன் கண்ணாடியில அடிக்காதீங்க, நடுவுல பிளாஸ்டிக் ஒட்டியிருந்தா நொறுங்கினாலும் வழிவிடாது. பக்கக் கண்ணாடியில, மூலையில அடிக்கணும். சுத்துற கைப்பிடி உள்ள பழைய கண்ணாடின்னா முதல்லயே இறக்கி வச்சிருங்க.

ஹைகிரவுண்ட்_முதலுதவி
பழைய முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்க, பிளாஸ்திரி பசை போயிருக்கும், மருந்து காலாவதி. வேண்டியது கொஞ்சம்தான்: பெரிய காஸ் பஞ்சணை ஆறு, 10 செண்டிமீட்டர் கிரேப் பேண்டேஜ் ரெண்டு, முக்கோணத் துணி ரெண்டு, ரப்பர் கையுறை நாலு ஜோடி, மழுங்கின முனைக் கத்தரி. ரத்தம் போனா காஸை வச்சு விடாம அழுத்துங்க, நனைஞ்சா அதுமேலயே இன்னொண்ணு வைங்க, எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. ரேடியேட்டர் ஆவி பட்ட இடத்துல இருபது நிமிசம் பச்சைத் தண்ணி. பற்பசை, மை எதுவும் தடவக்கூடாது. ரோட்டுல அடிபட்டவங்களுக்கு உதவினா வம்பு வரும்னு பயப்படாதீங்க, 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 134ஏ பிரிவுல பாதுகாப்பு இருக்கு. பேரைச் சொல்லக் கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

பட்டறை_அண்ணாச்சி
இவ்வளவையும் டிக்கியில சும்மா போட்டா, சடன் பிரேக்ல பாட்டில் ஜாக்கி பின் சீட்டைத் தாண்டி வரும். 800-ல டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவுல தடுப்பு கிடையாது. தார்ப்பாய்ப் பையில போட்டு, பட்டையால ஸ்டெப்னியோட சேத்துக் கட்டுங்க. மூணடிக் கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், இடுக்கி, 8-லிருந்து 17 வரை ஸ்பேனர், ரெண்டு ஸ்க்ரூ டிரைவர். அதுக்கு மேல வேண்டாம்.

பாளை_கார்புரேட்டர்
அண்ணாச்சி, சொன்னபடி வாசல்ல பின் சக்கரத்தைக் கழற்றிப் பாத்தேன். டியூப் டயர்தான். ஸ்டெப்னியில 11 பி.எஸ்.ஐ. நட்டு நாலும் வந்துட்டு, ஆனா சக்கரம் டிரம்மைவிட்டு வரல, ஒட்டிக்கிட்டு நிக்குது. சுத்தியலால அடிக்கவா?

பட்டறை_அண்ணாச்சி
ஜாக்கி மேல நிக்கும்போது அடிக்காதீங்க, வண்டி நழுவும். நாலு நட்டையும் கையால மாட்டி, ஒரு சுத்து லூசா விடுங்க. வண்டியைத் தரையில இறக்கி, அஞ்சாறு தடவை பக்கவாட்டுல ஆட்டுங்க. வரலன்னா முதல் கியர்ல ரெண்டடி முன்னாடி, ரெண்டடி பின்னாடி. டப்புனு விடும். மறுபடி ஜாக்கி போட்டுக் கழற்றி, ரிம் நடு ஓட்டையிலயும் டிரம் விளிம்புலயும் துருவைக் கம்பி பிரஷ்ஷால தேச்சு, விரல் நுனியளவு கிரீஸை மெல்லிசாத் தடவிட்டு மாட்டுங்க. போல்ட் மரையிலயும் நட்டு கூம்பு உக்காருற இடத்துலயும் கிரீஸ் படக்கூடாது. மத்த மூணு சக்கரத்துக்கும் இதே மாதிரி செஞ்சுருங்க.